குருநகரில் எழுந்த அலை

1975 நவம்பரில் யாழ்ப்பாணத்திலிருந்து 'அலை' என்ற சிறுசஞ்சிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அ. யேசுராசா, மு. புஷ்பராஜன், குப்பிழான் ஐ. சண்முகன், இ. ஜீவகாருண்யன் ஆகிய நால்வரும் அதன் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். பின்னர் யேசுராசாவே அதன் முதன்மை ஆசிரியராகி, 1990 வரை அதைக் கொண்டு நடத்தினார். வந்தவை மொத்தம் 35 இதழ்கள். பதினைந்து ஆண்டுகளில் முப்பத்தைந்து இதழ் என்றால் ஒழுங்காக வந்த சஞ்சிகை என்று சொல்ல முடியாது. ஆனாலும் 1970களின் நடுப்பகுதிக்குப் பின் ஈழத்துக் கவிதையிலும் விமர்சனத்திலும் நாடக, சினிமா, ஓவிய ரசனையிலும் நேர்ந்த மாற்றத்தை எழுத வருபவர், அலையையும் அதைச் சுற்றி நின்றவர்களையும் ஒதுக்கிவிட்டு எழுத இயலாது.

சுற்றி நின்றவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இது பதிவுசெய்த சங்கமல்ல. தலைவர், செயலாளர், சந்தா ஏதும் கிடையாது. கவிஞர்கள் சேரன், வ. ஐ. ச. ஜெயபாலன், சு. வில்வரத்தினம், மு. பொன்னம்பலம், எம். ஏ. நுஃமான், விமர்சகரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ. ஜே. கனகரட்னா; நூல்களைத் தேடிச் சேர்ப்பதையும் பதிப்பிக்க வைப்பதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்ட இரா. பத்மநாப ஐயர், ஓவியர் அ. மாற்கு, நாடகத்தில் நின்ற மு. நித்தியானந்தன், நிர்மலா, க. பாலேந்திரா எனப் பலர் வெவ்வேறு தூரங்களில் இதனோடு தொடர்புற்றிருந்தார்கள். சிலர் நெருங்கிய நண்பர்கள். சிலர் எழுத்தில் மோதிக்கொண்டவர்கள். கருத்தால் எல்லோரும் ஒரே அணியில் நிற்கவில்லை. எழுத்தை எழுத்தாகப் பார்க்க வேண்டும், அதன் தரத்தில் சலுகை காட்டக் கூடாது என்ற பிடிவாதம்தான் அவர்களை ஒன்றாக இருத்தியது.

யாழ்ப்பாணத்துக்கு இலக்கிய வட்டம் புதிதல்ல. 1943இல் தமிழ் இலக்கிய மறுமலர்ச்சிச் சங்கம் இங்கு உருவானது. வரதர் என்ற தி. ச. வரதராசன், அ. செ. முருகானந்தன், நாவற்குழியூர் நடராசன், ச. பஞ்சாட்சரசர்மா போன்றோர் அதில் முன்நின்றார்கள். முதலில் கையெழுத்துச் சஞ்சிகையாக இருந்த 'மறுமலர்ச்சி' 1946 முதல் 1948 வரை அச்சில் வந்தது. வரதர் 1943இல் 'ஈழகேசரி'யில் எழுதிய 'ஓர் இரவிலே' ஈழத்தின் முதற் புதுக்கவிதையாகக் கொள்ளப்படுகிறது. அதே 1943இல்தான் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் முதலியோர் '43 குழு' என்ற நவீன ஓவியர் அணியைத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் ஒட்டுறவு ஏதும் இருக்கவில்லை. கொழும்புக் குழுவினரிற் பலர் ஐரோப்பிய ஓவியத்தை நேரில் அறிந்த, வசதி படைத்த ஆங்கிலம் பேசும் வட்டத்தினர். யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும். அவர்களுடைய நவீனம் பாரதி, 'மணிக்கொடி' இதழ் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது.

மறுமலர்ச்சிக் காலத்தில் எழுதத் தொடங்கியவர்களுள் மிகப் பெரிய கவிஞர் அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவி என்ற து. உருத்திரமூர்த்தி. யாப்பை விடாமலே அதற்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவர் அவர். 1971இல் அவர் மறைந்தபோது அவருடைய மகன் சேரனுக்கு வயது பதினொன்று. பின்னர் அலைக் காலத்தின் முக்கியமான குரல்களில் ஒன்றாக வந்தது அந்த மகனின் குரல்தான். யாழ்ப்பாணத்து இரு இலக்கிய வட்டங்களுக்கு நடுவே இப்படி ஒரு குடும்பமே பாலமாக இருந்திருக்கிறது.

இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் முற்போக்காளர்களுடையது. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கியது. கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் சாதியால் ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்வை அவர்கள் பேசும் மொழியிலேயே எழுதினார்கள். அதை 'இழிசனர் இலக்கியம்' என்று இகழ்ந்த பண்டிதர்களுக்கும் இவர்களுக்கும் 1960களில் நடந்த சண்டை, ஈழத்து இலக்கியத்தின் திசையைத் திருப்பிய சண்டைகளில் ஒன்று. கா. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் மார்க்சிய விமர்சனத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து வாசகருக்குக் கொண்டுவந்தார்கள். 1966 ஓகஸ்டில் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' பின் பல பத்தாண்டுகள் நிலைத்தது. சலூன் தொழிலாளி ஒருவர் இலக்கியச் சஞ்சிகை நடத்தி அதைக் கைகளிற் சுமந்து வீதி வீதியாக விற்றதை இன்றும் யாழ்ப்பாணத்தில் பேசுவார்கள்.

ஆனால் 1960களின் பிற்பகுதியில் சலிப்பும் தலைகாட்டியது. தொழிலாளி நல்லவன், முதலாளி கெட்டவன், முடிவில் சிவப்புச் சூரியன் என்ற வாய்பாட்டுக்குள் கதைகள் விழுந்தன. இதைப் பலமாக எதிர்த்தவர் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம். முற்போக்கு விமர்சனத்தைத் துணிந்து கேள்விக்கு உட்படுத்திய 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யை எழுதிய அவர், ஆன்மீகத்தையும் சமூக மாற்றத்தையும் ஒன்றாக நினைத்தவர். வெறும் ஏட்டுச் சிந்தனையாளராக அவர் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகப் புங்குடுதீவில் நடந்த போராட்டத்தில் முன்நின்று பொலிசாரின் அடிக்கு உள்ளானார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே இறந்துபோனார். அவருடைய தம்பி மு. பொன்னம்பலமும் அதே தீவின் சு. வில்வரத்தினமும் அவருடைய சிந்தனையை அலைக்காலக் கவிதைக்குள் கொண்டுவந்தார்கள்.

அலையின் ஊற்று வேறோர் இடத்தில் இருந்தது. யேசுராசா, புஷ்பராஜன், மாற்கு மூவரும் குருநகர்க்காரர்கள். பழைய பெயரில் கரையூர் என்ற இக்குருநகர் யாழ் நகரின் தென்கரையில், பரவைக்கடலை ஒட்டியுள்ள கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடியிருப்பு. வலைகாயும் கரையும் பெருநாட் கூத்தும் நெருங்கிய வீடுகளும் கொண்டது. சைவ வேளாளக் கிராமங்களிலிருந்து எழுந்த மறுமலர்ச்சியோடு ஒப்பிடுகையில் இது கவனிக்க வேண்டிய இடமாற்றம். யாழ்ப்பாணத்துப் பண்பாடு என்றதும் எவரும் முதலில் நினையாத ஓர் ஊரிலிருந்து நவீன இலக்கியமும் நவீன ஓவியமும் ஒருசேர வந்தன. புஷ்பராஜன் கடற்றொழிலாளரின் பாடல்களைப் பற்றி 'அம்பா' என்ற நூலை எழுதினார். தபால் திணைக்களத்தில் வேலை பார்த்த யேசுராசாவின் சிறுகதைகள் 'தொலைவும் இருப்பும் ஏனைய கதைகளும்' என்ற தொகுதியாக 1974இலேயே வந்திருந்தன. சண்முகன் மட்டும் செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த குப்பிழானைச் சேர்ந்தவர். வெளியே பெரிதாக எதுவும் நடக்காத, மனத்துக்குள்ளேயே நடந்து முடியும் கதைகள் அவருடையவை.

அலை எந்த அளவிலான முயற்சி என்பது அது அச்சான விதத்திலேயே தெரியும். அன்று யாழ்ப்பாணத்து அச்சகங்களில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோப்பார்கள். ஒரு பாரம், அதாவது ஒருசேர அச்சிடும் பக்கங்கள், அச்சாகி முடிந்த பிறகே அந்த எழுத்துகளைப் பிரித்துப் பெட்டிகளிற் போட்டு அடுத்த பாரத்துக்குக் கோக்க முடியும். கலியாணக் காட்டும் கோயில் நோட்டீசும்தான் அச்சகத்துக்குச் சோறுபோடும் வேலை. சில நூறு பிரதி விற்கும் சஞ்சிகை அவற்றுக்கு இடையே கிடைத்த நேரத்தில்தான் அச்சேறும். கடதாசிக்கான காசு ஆசிரியர்களின் சம்பளத்திலிருந்து போகும். விளம்பரம் அரிது. கடைகளிற் கொடுத்த பிரதிகளுக்குக் காசு திரும்புவது அதைவிட அரிது. இதழ்களுக்கு இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழுந்ததற்குச் சோம்பலைக் காரணம் சொல்ல முடியாது.

இவ்விடத்தில் புளூம்ஸ்பரி வட்டம் ஞாபகத்துக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வேர்ஜீனியா வூல்ஃப், அவருடைய சகோதரியும் ஓவியருமான வனெஸா பெல், லிற்றன் ஸ்ட்ரேச்சி, பொருளியலாளர் கெயின்ஸ் முதலியோர் கூடிய நட்பு வட்டம் அது. வேர்ஜீனியாவின் கணவர் லெனார்ட் வூல்ஃப் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்றிய சிவில் சேவை அதிகாரி. வால்ட்டேரின் நூற்றொகுதியோடும் ஒரு நாயோடும் இலங்கைக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்து வெயிலிலும் தனிமையிலும் இருந்து ஸ்ட்ரேச்சிக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். பின்னாளில் மனைவியோடு சேர்ந்து 1917இல் வீட்டிலேயே ஒரு கையச்சு இயந்திரத்தை வைத்து ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினார். இவை யாழ்ப்பாணத்து எழுத்துக்கு எந்தப் பயனும் தரவில்லை. அவர் வந்தது ஆள்வதற்கு. ஒரு வேற்றுமையை மட்டும் இங்கு குறிக்கலாம். புளூம்ஸ்பரிக்காரரிற் பலருக்குப் பரம்பரைச் சொத்தும் கூடிப் பேச வீடுகளும் இருந்தன. அலைக்காரருக்கு அரசாங்கச் சம்பளமும் ஒரு சைக்கிளும் இருந்தன.

அலையின் பக்கங்களிற் பெரிதும் பேசப்பட்டவை சண்டைகளே. முற்போக்கு விமர்சனம் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்துக் கலையைக் கைவிட்டது என்று அலைக்காரர் வாதிட்டார்கள். எதிர்த்தரப்பார் இவர்களை அழகியல்வாதிகள், மக்களைவிட்டு விலகியவர்கள் என்றார்கள். அதோடு தேசிய இனப் பிரச்சினையும் சேர்ந்தது. தமிழர் மீதான ஒடுக்குமுறையைத் தனிப் பிரச்சினையாக ஏற்க இடதுசாரிகளிற் பலர் தயங்கிய காலத்தில், அதை இலக்கியத்தின் பேசுபொருளாக்க வேண்டும் என்று அலை வற்புறுத்தியது. இங்கேதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. அரசியலைவிட்டு ஓடுபவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்களிடமிருந்தே ஈழத்தின் மிகக் கூர்மையான அரசியற் கவிதை வந்தது. நுஃமான் மார்க்சியத்தில் நின்றபடியே இயந்திரத்தனமான விமர்சனத்தை மறுத்தார். 1987இல் வெளிவந்த அவருடைய 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' இந்த விவாதங்களின் நிதானமான அறுவடை. அலையின் விவாத மொழியில் எப்போதும் அந்த நிதானம் இருந்ததில்லை. தனிப்பட்ட குத்தல்களும் குழுமனப்பான்மையும் அதில் உண்டு. சிறுசஞ்சிகை உலகம் எங்கும் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் சில பக்கங்கள் இன்று படிக்கையில் சலிப்பூட்டுகின்றன.

கவிதைகள் சலிப்பூட்டவில்லை. யேசுராசாவின் 'உன்னுடையவும் கதி' 1979இல் எழுதப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்ட ஆண்டு அது. கவிதை முழுவதும் 'நீ' என்று வாசகனை நோக்கி, எதிர்காலத்தில் பேசுகிறது. கடற்கரையிலிருந்தோ படம் பார்த்துவிட்டோ வீடு திரும்பும் ஒருவன் வெடிச்சத்தத்தோடு தெருவில் செத்துக் கிடப்பான். அவன் கையில் ஓர் ஆயுதம் முளைக்கும், அவனுக்குப் பயங்கரவாதி என்ற பெயரும் வந்து சேரும். கோஷமோ ஆவேசமோ இல்லை. நாளாந்த வாழ்க்கையின் சாதாரண வினைச்சொற்களே. படிப்பவனுக்கு அடிவயிற்றில் குளிர்கிறது. இந்த அடங்கிய குரல்தான் அலைக்காலக் கவிதையின் கண்டுபிடிப்பு.

1981 மே மாத இறுதியில் பொலிசார் யாழ் நகருக்குத் தீவைத்தார்கள். அந்த நாள்களிலேயே யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரிந்து போயிற்று. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' இதைப் பற்றியது. புத்தர் சுட்டுக்கொல்லப்படுகிறார், அவர் உடல் நூலகப் படிகளில் கிடக்கிறது, கொன்றவர்கள் புத்தகங்களை அடுக்கி அந்த உடலை எரிக்கிறார்கள், கூடவே பௌத்த சூத்திரங்களும் சாம்பலாகின்றன. எழுதியவர் கிழக்கிலங்கை முஸ்லிம்; அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். தமிழ்த் தேசிய உணர்ச்சிக் கவிஞர் எவரும் அந்த நெருப்பைப் பற்றி இவ்வளவு ஆழமாக எழுதவில்லை.

1974இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய பல்கலைக்கழகம் இந்த வட்டத்துக்கு ஒரு முற்றத்தைத் தந்தது. நாடகம் இன்னொரு முற்றம். 1978இல் உருவான தமிழ் அவைக்காற்று கலைக் கழகம் டென்னஸி வில்லியம்ஸின் நாடகத்தை நிர்மலாவின் மொழிபெயர்ப்பில் 'கண்ணாடி வார்ப்புகள்' என்றும், பிரெக்டின் நாடகத்தை 'யுகதர்மம்' என்றும், லோர்காவினதை 'ஒரு பாலை வீடு' என்றும் பாலேந்திராவின் நெறியாள்கையில் மேடையேற்றியது. அதே 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். நல்ல சினிமாவை ஊரிலேயே காட்டும் முயற்சிகளும் நடந்தன. ஏ. ஜே. கனகரட்னா இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த ஆள். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே ஆழமான வாசிப்புக்கொண்ட அவர் தன் பெயரிற் புத்தகம் வர வேண்டும் என்ற ஆசையே இல்லாதவர். 1982இல் தொடங்கிய 'சற்றடே றிவியூ' ஆங்கில வார ஏட்டிலும் பணியாற்றினார்.

ஓவியர் மாற்கு (1933–2000) பாடசாலை ஆசிரியர். யாழ்ப்பாணத்தில் ஓவியத்துக்கு 1930களின் இறுதியிலேயே எஸ். ஆர். கனகசபையின் 'வின்சர் ஆர்ட் கிளப்' என்ற அமைப்பு இருந்தது. ஆனால் அங்கு நடந்தது பெரிதும் இயற்கையைப் போலச் செய்யும் ஓவியமே. மாற்கு உருவங்களை உடைத்தும் கோடுகளாகச் சுருக்கியும் வரைந்தார். படம் என்றால் சுவாமிப்படமும் கலண்டரும் என்றிருந்த ஊரில் அவருக்கு வாங்குபவர் இல்லை, பார்ப்பவரும் சிலரே. அலை வட்டம் அவருக்குப் பார்வையாளர்களைத் தேடித் தந்தது. யேசுராசா, பத்மநாப ஐயர் உள்ளிட்ட நண்பர்கள் 1987இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூலை அவர் பெயரால் வெளியிட்டார்கள். தமிழில் ஒரு நவீன ஓவியரை மையமாக வைத்து வந்த பெருநூல்களில் அது முற்பட்டது. இந்தியப் படையின் எறிகணைகள் யாழ்ப்பாணத்தில் விழுந்ததும் அதே ஆண்டில்தான். இன்று உலகக் காட்சியறைகளில் அறியப்படும் தா. சனாதனன் மாற்குவிடம் பயின்றவர்.

வட்டத்தின் குரல் கடல் கடந்ததற்குப் பத்மநாப ஐயரின் அலைச்சலே காரணம். ஈழத்து நூல்களைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பதிப்பிக்கவும் அங்குள்ளவற்றை இங்கு கொண்டுவரவும் அவர் ஓயாமல் முயன்றார். 1984இல் நுஃமானும் யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' க்ரியா வெளியீடாகச் சென்னையில் வந்தது. 1983 யூலை இனக்கலவரத்தின் பின் ஈழத்தைச் செய்தியாக மட்டும் அறிந்த தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அங்கு ஒரு பெரிய கவிதை மரபு இருப்பதை அந்நூல் காட்டியது. அடுத்த ஆண்டு 'மரணத்துள் வாழ்வோம்' வந்தது: 31 கவிஞர்கள், 82 கவிதைகள். சேரன், யேசுராசா, பத்மநாப ஐயர், மயிலங்கூடலூர் பி. நடராசன் ஆகியோர் தொகுத்தது. தமிழ்நாட்டு இளங்கவிஞர்கள் அரசியற் கவிதையை எப்படி எழுதுவது என்று இந்தத் தொகுப்புகளிலிருந்து கற்றார்கள் என்றால் மிகையாகாது. ஈழத்தவர் தமிழ்நாட்டிடமிருந்து எடுத்தே பழகிய இலக்கியக் கொடுக்கல் வாங்கலில் ஒரு தடவை கணக்கு மறுபக்கம் திரும்பியது.

குறைகளும் வெளிப்படை. வட்டத்தின் நடுவில் இருந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். பெண்களின் குரல் தனித் தொகுதியாக வந்தது 1986இல், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட 'சொல்லாத சேதிகள்' மூலம். சித்திரலேகா மௌனகுரு தொகுத்த அந்தச் சிறுநூலில் சிவரமணி, ஔவை, ஊர்வசி, அ. சங்கரி, மைத்ரேயி முதலிய பத்துப்பேர் எழுதினார்கள். இராணுவத்தோடு வீட்டையும் கேள்வி கேட்ட கவிதைகள் அவை. சாதியைப் பற்றிய கனமான எழுத்தும் அலைக்கு வெளியே, டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்களிலேயே இருக்கிறது. அலைக்காலத்துக் கவிதைக்கு ஈடான நாவல் இந்த வட்டத்திலிருந்து வரவில்லை.

வட்டம் கலைந்த கதையை நாட்டின் அரசியலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நித்தியானந்தனும் நிர்மலாவும் 1982 இறுதியில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார்கள். 'சற்றடே றிவியூ' 1983இல் சிலகாலம் தடைசெய்யப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் அச்சம் அரசாங்கத்திடமிருந்து மட்டும் வரவில்லை; ஆயுத இயக்கங்களைப் பற்றி எழுதுவதும் உயிரோடு விளையாடுவதாயிற்று. 1990 அலை நின்ற ஆண்டு. அந்த ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 1991இல் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிர்நீத்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டு மக்கள் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தபோது மாற்குவின் ஓவியங்களிற் பெரும்பகுதி இல்லாமற் போயிற்று.

பத்மநாப ஐயரும் புஷ்பராஜனும் இலண்டனுக்கும், ஜெயபாலன் நோர்வேக்கும், சேரன் கொழும்பில் 'சரிநிகர்' இதழில் சிலகாலம் இருந்தபின் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கனகரட்னாவும் வில்வரத்தினமும் 2006இல் காலமானார்கள். யேசுராசா 2000களில் யாழ்ப்பாணத்திலிருந்து 'தெரிதல்' என்ற ஏட்டை நடத்தினார். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துச் சஞ்சிகைகளை மின்வருடிப் பொதுவில் வைத்தபோது அலையும் அவற்றோடு சேர்ந்தது. சில நூறு பிரதிகளாக அச்சாகிச் சைக்கிளில் விநியோகமான அந்த இதழ்களை இப்போது எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம்.